நொண்டாத முழங்கால்

நாட்டின் எதிர்காலம், நகரத்தின் மானம், இனிமேல் பிறக்கப்போகும் குழந்தைகளின் தன்னம்பிக்கை ஆகிய மூன்றும் இந்த நிமிடத்தில் ஒரே ஒரு இடது முழங்காலின் மேல் நின்றுகொண்டிருக்கின்றன என்பதை அனைவரும் எழுந்து நின்று கேட்டுக்கொள்ளவும்.

இப்படி அறிவித்தவர் பெண்கள் வாலிபால் சங்கத்தின் தலைவர். அறிவித்துவிட்டு அவர் மட்டும் உட்கார்ந்துகொண்டார்.

அறையில் எழுந்து நிற்பதற்கு ஆள் பஞ்சம். துப்பறிவாளர் நிதானம் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். அவருக்கு உட்கார வராது. நாற்காலியைக் காட்டினால் அதைச் சுற்றி நடப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. நிதானம் என்பது மாமியார் வயிற்றெரிச்சலில் வைத்தது. அவருடைய உதவியாளன் வால், மனைவியின் தம்பி. கல்யாணத்தோடு இலவசமாக வந்தவன். முப்பது வயதும் அதற்குச் சற்றும் பொருந்தாத தொப்பையும் உடையவன். அவன் எழுந்திருக்கவில்லை. சோபாவில் அமிழ்ந்திருந்தான், எழுந்தால் மறுபடி இடம் கிடைக்காது என்ற பயம்.

தலைவரின் தலைக்கு மேல் அவருடைய படமே பெரிதாக மாட்டியிருந்தது. படத்தின் கீழே 'வானத்தைத் தொடுவோம்' என்று ஒரு வாசகம். படத்தில் அவர் கை இடுப்பில் இருந்தது.

"எங்க இடி பொய் சொல்றா," என்றார் தலைவர்.

"இடியா?"

"எங்க நட்சத்திர ஆட்டக்காரி. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். வலைக்கு மேல எழும்பி அடிச்சான்னா எதிர்ல நிக்கறவங்க குடை தேடுவாங்க. அவ இப்போ இடது முழங்கால் வலிக்குது, நாளைக்கு ஃபைனல் ஆட முடியாதுங்கறா."

"வலிக்கலாமே," என்றார் நிதானம், ஜன்னலிலிருந்து கதவுக்கு நடந்தபடி.

"வலிக்கலைன்னு எங்க டாக்டர் சொல்றாரே!"

"டாக்டருக்கு வலிக்காதுதான் சார். முழங்கால் அந்தப் பொண்ணோடதாச்சே," என்றான் வால்.

தலைவர் அவனை ஒரு கரப்பானைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு விஷயத்தைக் கொட்டினார். அவருடைய டிரைவர் ஒரு காட்சியைக் கண்டிருக்கிறான். எதிரணி மேனேஜர் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் இடி நுழைகிறாள். ஒரு நாள் அல்ல, தினமும். பிற்பகல் ஓய்வு நேரத்தில், தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு.

"விலை போயிட்டா. சந்தேகமே இல்ல. சாயங்காலம் கமிட்டி கூடுது. அதுக்குள்ள எனக்கு ஆதாரம் வேணும். பொய்னு நிரூபணமானா ஆயுசுக்கும் தடை. பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு நானே சொல்வேன். வரலாறு என்னைப் பாத்துக்கிட்டிருக்கு."

"வரலாறு வேற சோலி இல்லாம இருக்கு போல," என்று வால் சோபாவுக்குள் முணுமுணுத்தான்.

நிதானம் அதற்குள் கதவைத் தாண்டியிருந்தார்.

*

பரிசோதனை அறை மைதானத்தின் ஓரத்தில், உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. வியர்வையும் வலி மருந்தும் கலந்த வாடை. நடுவில் ஒரு பீரோ பருமனுக்கு ஓர் இயந்திரம். அதற்குப் பக்கத்தில், அதைப் பெற்றவர் போன்ற பெருமிதத்தோடு அணியின் டாக்டர். அவருடைய வாக்கியங்கள் நீளமானவை. அவர் ஒன்றை முடிப்பதற்குள் சின்னச் சின்னக் காயங்கள் தாமாகவே ஆறிவிடும்.

"இந்த மாதிரி மெஷின் இந்தப் பக்கத்துலயே ரெண்டுதான் இருக்கு," என்றார் டாக்டர்.

"அந்த இன்னொண்ணு வேலை செய்யுதா டாக்டர்?" என்று அக்கறையாகக் கேட்டான் வால்.

டாக்டர் அவனை விட்டுவிட்டு நிதானத்தைத் தேடினார். நிதானம் இயந்திரத்தின் பின்னால் இருந்தார். பிறகு படுக்கைக்கு அடியில் குனிந்தார். பிறகு சுவரோரம் நின்றார். அவரோடு பேசுவது ஈயோடு பேசுவது போல, கழுத்து வலிக்கும்.

"சொல்லுங்க டாக்டர், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். வலி இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"காயத்தை எடை போடறதுல ஒரு தங்க விதி இருக்கு. வலிக்கிற காலை வலிக்காத காலோட ஒப்பிடு. ஒவ்வொரு உடம்பும் ஒரு மாதிரி. அடுத்தவங்க காலோட ஒப்பிட்டா அது முட்டாள்தனம். அதனாலதான் இயற்கை ஒவ்வொருத்தருக்கும் பக்கத்துலயே ஒரு சாட்சியை வெச்சிருக்கு. இன்னொரு கால்."

"பிரமாதம். அந்தச் சாட்சி என்ன சொல்லிச்சு?"

டாக்டர் தரையைக் காட்டினார். சிமெண்ட் தரையில் ஒரு வெள்ளைக் கோடு. அங்கிருந்து ஒற்றைக் காலில் ஒரே தாவு. இடது கால் விழுந்த இடத்தில் சிவப்பு சாக்பீஸ், வலது கால் விழுந்த இடத்தில் நீலம். சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் ஓர் எறும்பு படுக்க வேண்டுமானால் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும்.

"கால் பலம் அளக்கற இந்த மெஷின்ல உதைக்கச் சொல்லியும் பாத்தேன். அதுலயும் இப்படித்தான். ரெண்டு காலும் ஒட்டிப் பிறந்த மாதிரி சமம். இடது வலிக்குதுன்னா இடது பின்தங்கணும். தங்கல. ஆகவே வலி இல்ல. ஆகவே பொய்."

"அமுக்கிப் பாத்தீங்களா?"

"இடது முழங்கால் சில்லுக்குக் கீழ அமுக்கினேன். கத்தினா. கத்தறதை யாரு வேணா கத்தலாம். கத்தலுக்கு மெஷின்ல அளவு கிடையாது."

சுவரில் ஒரு பலகை தொங்கியது. வால் அதைப் பள்ளிக்கூடப் பையன் போல உரக்கப் படித்தான். "படி ஏறும்போது நல்ல கால் முதலில். படி இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். அத்தான், இதைக் குடிகாரனுக்குச் சொன்னா எந்தக் கால் எதுன்னு தெரியாம மாடியிலயே குடும்பம் நடத்துவான்."

"ஏன் அப்படி, டாக்டர்?" என்றார் நிதானம்.

"உடம்பைத் தூக்கறதும் நல்ல கால்தான், மெதுவா இறக்கி விடறதும் நல்ல கால்தான். நல்ல கால் மேல இருந்து தாங்கும், வலிக்கிற கால் சும்மா கீழ போய் நிக்கும். குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"சரி. அந்தப் பொண்ணு நொண்டினாளா?"

டாக்டர் சிரித்தார். அவர் காத்திருந்த கேள்வி இதுதான். "அதுதான் சார் உச்சக்கட்டம்! ஒரு அடிகூட நொண்டல. மகாராணி மாதிரி நேரா நடந்து வந்தா, நேரா நடந்து போனா. இதுக்கு மேல உங்களுக்கு என்ன ஆதாரம் வேணும்?"

வெளியே வந்ததும் வால் கையைத் தட்டினான். "கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாமா?"

"மாப்ளே, உனக்கு லீவு வேணும்னா ஆபீசுக்குப் போன் பண்ணி எப்படிப் பேசுவ?"

"இருமிக்கிட்டே பேசுவேன்."

"இருமல் இல்லாட்டியும்?"

"இருமல் இல்லாதப்போதான் நல்லா இருமுவேன். நிஜமா இருமல் வந்தா பேசவே வராது."

"அதேதான். இடது கால் நிஜமா வலிச்சா அவ நொண்டணும். வலிக்கலைன்னா, டாக்டரை நம்ப வைக்க இன்னும் அழகா நொண்டணும். நிஜமும் நொண்டும், பொய்யும் நொண்டும். நொண்டாம நடக்கறவ யாரு?"

வால் யோசித்தான். யோசிக்கும்போது அவனுக்குப் பசி கூடும். "மூணாவதா ஒண்ணு இருக்கு அத்தான். பொய் சொல்லத் தெரியாத பொய்க்காரி."

"இருக்கலாம். வா, பாத்துடலாம்."

*

ஒருவரைப் பின்தொடர்வதில் நிதானத்துக்கு ஒரே ஒரு சிக்கல். முந்திவிடுவார்.

தலையில் துணி சுற்றிய உயரமான பெண் விடுதி வாசலிலிருந்து வெளிப்பட்டபோது இருவரும் எதிர்ப்புறத்தில் இருந்தார்கள். தெருமுனைக்குள்ளாகவே நிதானம் அவளைக் கடந்து, திரும்பி, செருப்புக் கடைக் கண்ணாடியைப் பார்ப்பது போல் நின்று, அவள் வரும் வரை காலை மாற்றி மாற்றித் தட்டினார். மறுபடி முந்தினார். மறுபடி நின்றார். கடைக்காரர் வெளியே வந்து, "என்ன அளவு சார்?" என்று கேட்டுவிட்டார்.

"அத்தான், நாம அவளைத் துரத்தறோமா, அவ நம்மளைத் துரத்தறாளா?"

"மெதுவா நடக்கறா, மாப்ளே. பாரு, வயசுப் பொண்ணு, விளையாட்டுக்காரி. ஏன் இவ்வளவு மெதுவா? ஆனா அளந்து வெச்ச மாதிரி நேரா."

வெயில் கொதித்தது. ஹாரன்கள் அலறின. வண்டிகளின் நடுவே எல்லோரும் ஓட, அவள் மட்டும் தலையில் தண்ணீர்க் குடம் இருப்பது போல் நடந்து, நடைபாதை விளிம்பில் ஒரு கணம் தயங்கி, இறங்கி, சாலையைக் கடந்தாள்.

கட்டடம் பழையது. வாசலில் தபால் பெட்டிகள். அவற்றில் ஒன்றில் எதிரணி மேனேஜரின் பெயர், பதவியோடு. லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை. அட்டையே பழுதாகி ஒரு மூலையில் தொங்கியது. அவள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்துப் படியேறினாள். மேலே எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது.

காத்திருத்தல் என்பது நிதானத்துக்குக் கடுங்காவல் தண்டனை. தபால் பெட்டிகளை எண்ணினார். மீட்டர்களைப் படித்தார். எடுக்கப்படாமல் கிடந்த நோட்டீஸை மடித்துக் கப்பல் செய்தார். கடைசியில், "மாப்ளே, பாதி மாடி வரைக்கும் போய்ப் பாத்துட்டு வா," என்றார்.

"லிஃப்ட் இல்லாத வீட்டுல என்னை ஏறச் சொல்றீங்களே, அக்கா காதுல விழுந்தா என்ன ஆகும்?"

"போடா."

வால் போனான். திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றான். அப்போதுதான் மேலிருந்து ஒரு முதுகு வந்தது.

முகம் இல்லை, முதுகு. இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றிக்கொண்டு, ஏணியிலிருந்து இறங்குபவர் போல, அந்த உயரமான பெண் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். வால் நகரத் தெரியாமல் நின்றான். முதுகு தொப்பையில் முட்டியது.

"ஐயோ! யாரு?" அவள் திரும்பினாள்.

"லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தேங்க," என்றான் வால். வாயில் முதலில் வந்த பொய் அதுதான்.

அவள் முகம் மலர்ந்தது. "வந்தீங்களா! தினமும் இறங்கும்போது உங்களை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?"

"ஏறும்போது?"

"ஏறும்போது எதுக்குத் திட்டணும்? சீக்கிரம் சரி பண்ணுங்க அண்ணா." மறுபடி முதுகைக் காட்டி, படி படியாக, கீழே போய்ச் சேர்ந்தாள். தரை வந்ததும் துணியைச் சரிசெய்துகொண்டு நேராக, மெதுவாக, நொண்டாமல் வெளியேறினாள். தூணுக்குப் பின்னால் இருந்த நிதானம் கப்பலைக் கசக்கினார்.

"பேயைப் பாத்துட்டேன் அத்தான். ஆனா பேய்க்குக் கால் கிடையாதும்பாங்க. இதுக்கு ரெண்டு இருந்துச்சு."

"என்ன பேசினா, ஒரு வார்த்தை விடாம சொல்லு."

வால் சொன்னான். நிதானம் மூன்று படி ஏறி மூன்று படி இறங்கினார். பிறகு திரும்பிப் பின்பக்கமாக இறங்கிப் பார்த்தார்.

"லிஃப்ட் ரிப்பேர்னா எல்லாரும் ஏறும்போதுதான் திட்டுவாங்க. இவ இறங்கும்போது திட்டறா. டாக்டர் அறையில பலகை என்ன சொல்லிச்சு? இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. பரிசோதனைக்காகத் தினமும் அந்த அறைக்குப் போறவளுக்கு அது மனப்பாடமா இருக்கும். இருந்தும் ஏன் பின்பக்கமா இறங்கறா?"

"பலகையைத் தலைகீழாப் படிச்சிருப்பா."

"மேல யார் கதவு திறந்துச்சுன்னு பாக்கலாம் வா."

"மறுபடியும் மாடியா!"

*

திறந்தது மேனேஜர் வீட்டுக் கதவு அல்ல. அதற்கும் மேலே, கடைசி மாடியில், கதவிடுக்கு வழியாக வெண்ணெய் மணம் வரும் ஒரு வீடு. கன்னத்தில் மாவோடு ஒரு பெண்மணி கதவைத் திறந்தாள். இடியின் அதே உயரம், அதே நெற்றி, அவளிடம் இல்லாத கோபம்.

"பிறந்த நாள் கேக்குக்கு வந்தீங்களா? இன்னும் ஆறல. உக்காருங்க."

வால் உட்கார்ந்தான். நிதானம் சமையலறை வாசலில் நின்றார். "உங்க தங்கச்சி இப்போதான் போறதைப் பாத்தோம்."

அக்காவின் கரண்டி நின்றது. "யாரு நீங்க? சங்கத்து ஆளா?"

"சங்கம் வேவு பாக்க அனுப்பின ஆள்," என்றார் நிதானம். பொய் சொல்லி உட்கார வைக்கப்படுவதைவிட உண்மையைச் சொல்லி நிற்பது அவருக்குச் சுலபம். "அவங்க எதிரணி மேனேஜரைப் பாக்க வர்றதா சொல்றாங்க."

"கீழ் வீட்டு மேனேஜரா?" அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "அந்த மனுஷனுக்குச் சொந்த அணியில யார் ஆடறாங்கன்னே தெரியாது. எங்கிட்ட கேக் வாங்கினா டப்பாவைத் திருப்பித் தர மாட்டாரு, அவ்வளவுதான் அவரோட கெட்ட குணம். அவ என் வீட்டுக்கு வர்றா. அக்கா வீட்டுக்கு வர்றதுக்குமா சங்கம் பர்மிஷன் தரணும்?"

"தினமும் எதுக்கு வர்றாங்க?"

"பாசம்."

"ஓய்வு நேரத்துல, இவ்வளவு படி ஏறி?"

"பாசம்னா பாசம்தான். அண்ணா, அதுல கை வெக்காதீங்க!" இது வாலுக்கு. அவன் உடைந்த கேக் விளிம்பு ஒன்றை ஏற்கெனவே விசாரணைக்கு உட்படுத்தியிருந்தான்.

"ஆறட்டும்னு சொன்னீங்களே, ஃபிரிட்ஜுல வெச்சா என்னக்கா?" என்று மென்றபடி கேட்டான்.

"எங்க வைக்க! என் தொழிலே கேக்கு, என் ஃபிரீசர்ல எனக்கு இடமில்ல. பட்டாணி மூட்டை குடியிருக்கு. வீட்டுல ஒருத்தரும் பட்டாணி சாப்பிட..." சொல்லிக்கொண்டே வந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நிதானம் அதற்குள் ஃபிரீசரைத் திறந்துவிட்டார். உள்ளே இரண்டு பட்டாணி மூட்டைகள். தட்டையாக இல்லை. இளகி, வளைந்து, அப்படியே மறுபடி உறையத் தொடங்கியிருந்தன, கவிழ்த்த கிண்ணம் போல. ஒன்றை எடுத்து, தரையில் குந்தி, தன் முழங்கால் மேல் வைத்தார். தொப்பி போல் உட்கார்ந்தது. இன்னொன்றை மற்ற முழங்காலில் வைத்தார். அதுவும் உட்கார்ந்தது. அன்று முழுக்க அவர் அசையாமல் இருந்தது அந்த ஒரு கணம்தான்.

"ஒரு முழங்காலுக்கு ஐஸ் ஒத்தடம் குடுக்க எதுக்கும்மா ரெண்டு மூட்டை?"

"ஒண்ணு உருகினா இன்னொண்ணு," என்றாள் அக்கா. குரலில் உறுதி இல்லை.

"ரெண்டும் ஒரே அளவு இளகியிருக்கு. ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு இல்ல. ரெண்டும் ஒரே நேரத்துல."

"செருப்பு மாதிரி அத்தான்," என்றான் வால். "ஜோடி."

நிதானம் நெற்றியில் அடித்துக்கொண்டார். மூட்டைகள் உருண்டன. "முட்டாள் நான்! நொண்டறதுன்னா என்ன மாப்ளே? வலிக்கிற காலோட பாரத்தை நல்ல கால் மேல தள்ளறது. நொண்டறதுக்கு முதல்ல ஒரு நல்ல கால் வேணுமேடா!"

வால் மெல்லுவதை நிறுத்தினான்.

"ரெண்டும் சமமா வலிச்சா எந்தப் பக்கம் சாயறது? நேராத்தான் நடக்க முடியும். மெதுவா. படி இறங்கறப்போ முழு பாரமும் முழங்கால்லதான் விழும், எந்தக் காலை முதல்ல வெச்சாலும் மேல தாங்க ஒரு காலும் இல்ல. அதான் பின்பக்கமா, கை பலத்துல இறங்கறா. விடுதியில ரெண்டுக்கும் ஒத்தடம் வெச்சா தெரிஞ்சுபோகும்னு இங்க வர்றா. டாக்டர் ஒரு கெட்ட காலை இன்னொரு கெட்ட காலோட ஒப்பிட்டு, ரெண்டும் சமம், ரெண்டும் நல்லதுன்னு எழுதிட்டாரு!"

அக்கா மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. "நான் ஒண்ணும் சொல்லல. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. பட்டாணி சொல்லிச்சுன்னு வெச்சுக்கோங்க."

"ஏன் சொல்லக் கூடாது? ரெண்டும் வலிக்குதுன்னு சொன்னா கேஸே இல்லையே!"

"அதை அவகிட்டயே கேளுங்க. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். நாளைக்கு அவ குதிக்கக் கூடாது. இங்க வந்தா என் தங்கச்சி கழிப்பறையில உக்காந்து எழுந்திருக்கக் கதவைப் பிடிச்சுக்கறா சார். வயசு முப்பத்தொண்ணுதான்."

*

மாலையில் கமிட்டி அந்தப் பரிசோதனை அறையிலேயே கூடியது. தலைவர் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள விரும்பியதுதான் காரணம். டாக்டர் இருந்தார். நாலைந்து உறுப்பினர்கள், தலையாட்டுவதற்கென்றே அழைக்கப்பட்டவர்கள், இருந்தார்கள். இடி சுவரில் சாய்ந்து நின்றாள்.

நிதானம் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"நான் பொய் சொன்னேன் சார். முழங்கால்ல ஒண்ணும் இல்ல. பயத்துல சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்க. நாளைக்கு ஆடறேன்."

தலையாட்டிகள் ஆட்டினார்கள். தலைவரின் முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது. விலை போய்விட்டாள் என்று காலையில் சொன்னது மறந்து, "என் குழந்தை!" என்றார். "வரலாறு உன்னை மன்னிச்சுடுச்சு. துப்பறிவாளரே, உங்க வேலை முடிஞ்சுது. நன்றி."

"போச்சு. குற்றவாளியே ஒத்துக்கிட்டா நமக்கு என்ன மரியாதை?" என்றான் வால்.

"ஒத்துக்கிட்டதுதான் பொய்," என்றார் நிதானம். "இப்போ சொன்னதை நான் ஏத்துக்கல. டாக்டர், இந்தச் சிவப்பும் நீலமும் காலையில இவங்க தாவின கோடுங்கதானே?"

"ஆமா. சமம்."

"மாப்ளே, அந்த வெள்ளைக் கோட்டுல நில்லு. ஒத்தைக் கால்ல ஒரு தாவு தாவு."

"நானா? நான் கடைசியா தாவினது பஸ்ஸைப் பிடிக்க. அதையும் பிடிக்கல."

"தாவுடா!"

வால் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். கண்ணை மூடினான். தொப்பை முதலில் புறப்பட்டது, மற்றது பின்னால் போனது. சிவப்பைக் கடந்து, நீலத்தைக் கடந்து, ஒரு முழம் தள்ளி விழுந்து, இயந்திரத்தைக் கட்டிப்பிடித்து நின்றான். இயந்திரம் ஏதோ ஒரு விளக்கை எரித்துத் தன் அதிருப்தியைத் தெரிவித்தது.

யாரும் சிரிக்கவில்லை.

"வலைக்கு மேல எழும்பி இடி மாதிரி அடிக்கிற பொண்ணு," என்றார் நிதானம், அறையைக் குறுக்கே அளந்தபடி. "அவளோட நல்ல கால், நல்ல கால்னு நீங்க எல்லாரும் சத்தியம் பண்ற வலது கால், கேக் தின்னுட்டு வந்த என் மச்சானைவிடக் குறைச்சலாத் தாவுது. டாக்டர், அடுத்தவங்களோட ஒப்பிடறது முட்டாள்தனம்னீங்க. ஒத்துக்கறேன். இவனோட ஒப்பிடறது அதைவிட முட்டாள்தனம். ஆனா அந்த வலது முழங்காலை யாராவது ஒரு தடவை அமுக்கிப் பாத்தீங்களா?"

"அது நல்ல கால்தானே, எதுக்கு..." டாக்டரின் வாக்கியம் முதன்முறையாகப் பாதியில் நின்றது.

அவர் இடியைப் படுக்கையில் உட்காரச் சொன்னார். கோட்டு அழுக்காகும் என்று பார்க்காமல் தரையில் மண்டியிட்டார். வலது முழங்கால் சில்லுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினார்.

இடி கத்தவில்லை. படுக்கையின் விளிம்பைப் பற்றிய அவள் விரல்கள் வெளுத்தன. கண்ணிலிருந்து நீர் தானாக இறங்கியது. டாக்டர் கையை எடுத்தார். இடதை மறுபடி தொட்டார். வலதை மறுபடி தொட்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டுலயும் தசைநாண் வீங்கிக் கிடக்கு," என்றார். சின்ன வாக்கியம். "இந்த நிலைமையில குதிச்சா அறுந்தே போகலாம்."

"ஏம்மா சொல்லல?" தலைவர் அதட்டினார். "ரெண்டும் வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா என்ன ஆகும்னு தெரியாதா சார்?" இடி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போன வருஷம் கேப்டன் அக்கா சொன்னாங்க, ரெண்டு முழங்காலும் வலிக்குதுன்னு. அந்த வாரமே மேடை போட்டு, சுவர்க் கடிகாரம் குடுத்து அனுப்பி வெச்சீங்க. ஒரு முழங்கால் வலிச்சா காயம்பீங்க. ரெண்டும் வலிச்சா வயசும்பீங்க. அதான் ஒண்ணை மட்டும் சொன்னேன். ரெண்டாவதும் தெரிஞ்சுடும்னு பயந்துதான் இப்போ ஆடறேன்னேன்."

"எதைச் சொன்னா நம்புவாங்கன்னு யோசிச்சு இடதைச் சொன்னீங்களா?" என்று வால் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"வலது கையால அடிக்கறவ இடது கால்லதான் இறங்குவா, அதுதான் முதல்ல போகும்னு நம்புவாங்க அண்ணா. நீங்க லிஃப்ட் ரிப்பேர்தானே?"

"இன்னிக்கு லீவு போட்டுட்டேன்."

தலைவர் தாடையைத் தடவினார். கண்ணில் ஒரு கணக்கு ஓடியது. பிறகு உறுப்பினர் ஒருவர் பக்கம் சாய்ந்து மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அந்தக் கடிகாரக் கடைக்காரரோட நம்பர் இருக்கா?"

இடி தலையைக் குனிந்துகொண்டாள். நிதானத்துக்கு நெஞ்சு எரிந்தது. ஒரு பெண் தன் கால்களை விற்றுக் காப்பாற்றிய ரகசியத்தை ஒரே தாவலில் போட்டு உடைத்தாயிற்று. பலன், கடிகாரம்.

"வயசு இல்ல," என்றது ஒரு குரல். தரையிலிருந்து. டாக்டர்.

"என்ன?"

"இது வயசு இல்ல தலைவரே. அளவுக்கு மீறின குதிப்பு. இந்த சீசன்ல புதுசா வந்தது என்ன? உங்க 'வானத்தைத் தொடுவோம்' திட்டம். காலையில வண்டி நிறுத்தற சிமெண்ட் தரையில எல்லாரையும் குதிக்க விட்டீங்க, படம் எடுக்க வெளிச்சம் நல்லா இருக்குன்னு. நானும் பக்கத்துல நின்னு போஸ் குடுத்தேன். இந்தப் பொண்ணு ஓய்வு எடுத்து, படிப்படியா பலம் ஏத்தினா அடுத்த சீசன் தாராளமா ஆடலாம். என் கையெழுத்துல நான் அப்படித்தான் எழுதுவேன்."

"பத்திரிகைக்காரங்க வெளியதான் இருக்காங்க," என்றார் நிதானம், கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில். "நீங்களே வரச் சொன்னீங்க. எதைச் சொல்லலாம்? திட்டத்தைப் பத்தியா, இவங்க எடுக்கப்போற ஓய்வைப் பத்தியா?"

வரலாறு தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் வரலாற்றிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஓய்வு," என்றார். "அவ இடம் அவளுக்குத்தான். வேற யாருக்கும் கிடையாது. ஆனா நாளைக்கு? இவ இல்லாம நாளைக்கு நாம செத்தோம்! இந்த ஊர் தலைகுனிஞ்சு நிக்கும். எழுதி வெச்சுக்கோங்க!"

தலையாட்டிகள் சோகமாக ஆட்டினார்கள்.

வெளியே, வாசலின் மூன்று படிகளை இடி கம்பியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கினாள். இப்போது யாருக்கும் ஒளிக்க வேண்டியதில்லை. வால் கீழே நின்று கை கொடுத்தான். அவள் முகத்தில் நிம்மதி இருந்தது, ஆனால் நிலைகொள்ளவில்லை. விரல்கள் துணியின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தன.

"என் இடம் தப்பிச்சுது. அதுக்கு உங்களுக்கு நன்றி சார். ஆனா நாளைக்கு ஆடப்போற அந்தப் பொண்ணுங்களை நினைச்சா பயமா இருக்கு. நான் இல்லாம அவங்க ஒரு செட்கூட எடுக்க மாட்டாங்க. தூங்கவே முடியாது எனக்கு."

நிதானத்துக்கும் தூக்கம் வரவில்லை. தலைவருக்கும் வரவில்லை. டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்திருந்தார்.

மறுநாள் இறுதிப் போட்டியில் அணி மூன்று செட்களையும் சுலபமாக வென்றது.